ஏழு வருடக் காசு

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் நடந்தது. 1992 டிசம்பர் எட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில், பட்டப்பகலில் தொடங்கியது. தவமலர் இதை இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறாள். அந்த இருவரில் அவள் கணவன் இல்லை.

கணவன் பாலேந்திரா 1985இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவன். அவனை அனுப்புவதற்காகத் தன் தாலிக்கொடியில், தாலிக்கு இரு பக்கமும் இருந்த தங்கப் பவுண் காசு இரண்டையும் தவமலர் கழற்றிக் கொடுத்தாள். ஏழு வருடம் காத்திருந்தாள். அந்த வருடம் சித்திரையில்தான் அவனிடம் வந்து சேர்ந்தாள்.

அவனுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். பகலெல்லாம் மேல் அறையில் தூக்கம். அவள் கீழே மெஷினில் ஒரு தொழிற்சாலைக்குச் சட்டைக் கொலர் தைப்பாள். அன்பான மனிதன்தான். விடிய வீட்டுக்கு வரும்போது அவளுக்கென்று ஒரு சொக்லேட்டாவது கையில் இருக்கும். ஆனால் அந்த ஏழு வருடத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் "வேலை, நித்திரை, வேறை என்ன" என்று முடித்துவிடுவான்.

நூலகத்தில் பகுதிநேர வேலை பார்க்கும் முன்வீட்டுக் கல்யாணி அக்கா ஒருநாள் பகிடியாகச் சொன்னாள். "ஏழு வருசம் தனிய இருந்த ஆம்பிளை எண்டால் சாமியாராய்த்தான் இருக்கோணும். உன்ரை மனுசனைப் பாத்தால் அப்பிடித் தெரியேல்லையடி."

தவமலருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த எட்டாம் திகதி மதியம் துவைக்க எடுத்த அவன் சட்டைப் பையில் அந்தக் காசு இருந்தது. பெரிய செப்புக் காசு. ஒரு பக்கத்தை வழவழப்பாகத் தேய்த்து, ஊசியால் குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக ஆங்கில எழுத்துகள். ஆன். ஏழு வருடம். மறவாதே. விளிம்பில் ஒரு துளை.

தூங்கியவனை உலுக்கி எழுப்பினாள். உடுப்புக் காயவிடக் கம்பம் நட வீட்டின் பின்வளவு மண்ணைக் கிண்டியபோது கிடைத்தது, கழுவி வைத்தேன் என்றான்.

"மண்ணுக்கை கிடந்த காசிலை நீங்கள் தனிய இருந்த ஏழு வருசம் என்னெண்டு வந்தது?"

"எனக்கென்ன தெரியும் மலர். படுக்க விடு."

திரும்பிப் படுத்துவிட்டான்.

ஆன் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரி, அவன் நெஞ்சோடு, அவன் பைக்குள். இது இந்த வீட்டில் இருப்பதென்றால் என் கழுத்தில் இருக்கட்டும். அவள் பார்த்து வேகட்டும். கறுப்பு மெஷின் நூலை எடுத்து, தங்கப் பவுண் இருந்த அதே இடத்தில், தாலிக்குப் பக்கத்தில் அந்தக் காசைக் கட்டிக்கொண்டாள். அப்போது மணி மூன்று பத்து.

மூன்று நாற்பதுக்கு வெளியே இருட்டத் தொடங்கியது. டிசம்பரில் அப்படித்தான். நெஞ்சில் காசு சில்லென்று கிடந்தது. அரை மணி நேரம் உடம்பில் பட்டுக்கொண்டிருந்தும் அது சூடேறவில்லை. லைற்றைப் போடலாம் என்று மெஷினை நிறுத்தினாள்.

மெஷின் நின்றது. தைக்கும் சத்தம் நிற்கவில்லை.

சர்ர்... சர்ர்... தடித்த துணியில் யாரோ கையால் நூல் இழுக்கும் சத்தம். அவள் முதுகுக்குப் பின்னால்.

திரும்பினாள். யாருமில்லை.

பிறகு மேல் அறையில் ஒரு பெண் குரல். மெதுவாக. ஆங்கிலத்தில். அதற்குப் பாலேந்திரா நித்திரையில் ஏதோ முனகினான்.

மூன்று நாற்பத்துநாலு.

பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவன் வாயில் என்ன பெயர் வருகிறதென்று கேட்க வேண்டும். அது மட்டும் போதும். முதல் படியில் கால் வைத்தாள்...

அடுத்த படி நினைவில்லை.

இருட்டு. மேல் அறை. அவள் குனிந்து நின்றாள்.

கைக்குள் தலையணை.

அழுத்திக்கொண்டிருந்தாள்...

அவள் கைகளுக்கு மேல் இன்னும் இரண்டு கைகள். மெலிந்தவை. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

அவையும் அழுத்தின.

தலையணைக்கு அடியிலிருந்து...

"மலர்..."

கையை உதறினாள். அவன் இருமினான். "தலகாணி முகத்திலை விழுந்திட்டுது போலை" என்று சொல்லி, கண்ணைத் திறக்காமலே மறுபக்கம் புரண்டான்.

மூன்று ஐம்பத்தாறு. பன்னிரண்டு நிமிடம் எங்கே போனதென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

குளியலறைக்கு ஓடிக் கத்தரிக்கோலை எடுத்தாள். காசைக் கட்டியிருந்தது அவளுடைய கறுப்பு நூல் இல்லை. மெழுகு பூசிய பழுப்பு நூல். முடிச்சுக்கு மேல் முடிச்சு. வெட்டி எடுக்கக் கை வலித்தது.

நடந்ததைச் சொல்லாமல், காசை மட்டும் கல்யாணியிடம் கொடுத்தாள். நத்தார் பண்டிகைக்குச் சில நாள் முன்பு கல்யாணி வந்தாள். அன்று பகிடி பேசவில்லை.

நூற்றைம்பது வருடத்துக்கு முந்தி ஒரு கைக்குட்டை திருடியவனைக்கூடக் கப்பலேற்றி அவுஸ்திரேலியாவுக்கு ஏழு வருடம் அனுப்பிவிடுவார்களாம். போகுமுன் சிறைக்குள் இருந்து காசைத் தேய்த்து, பெயர் குத்தி, மனைவிக்குக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். போனவர்களில் மிகச் சிலரே திரும்பினார்கள். ஆனின் கணவன் திரும்பினான். அப்போது இந்தத் தெரு ஒற்றை அறை வீடுகள் நெருங்கிய ஒரு சந்து. ஆன் அங்கே சட்டை தைத்துப் பிழைத்தவள். வந்த நாலாம் நாள் பின்னேரம் அவன் படுக்கையில் மூச்சடைத்துச் செத்துக் கிடந்தான். தைத்துக்கொண்டிருந்தேன், நித்திரையில் எவளின் பெயரைச் சொல்கிறான் என்று கேட்கத்தான் எழும்பினேன், பிறகு ஒன்றும் நினைவில்லை என்று ஆன் நீதிமன்றத்தில் சொன்னாளாம். இந்தத் தெருப் பெயரை வைத்துக் கல்யாணி நூலகத்தில் தேடி எடுத்த பழைய பத்திரிகையில் இருந்தது.

தவமலர் மெல்லக் கேட்டாள். "எவளின்ரை பேரைச் சொன்னவனாம்?"

"பக்கத்து வீட்டுக்காரன் சாட்சி சொல்லியிருக்கிறான். துணிக்குள்ளாலை மாதிரி ஒரு சத்தம், சுவருக்கு அங்காலை கேட்டதாம். ரெண்டு தரம்."

"என்னெண்டு?"

கல்யாணி காசை மேசையில் வைத்தாள்.

"ஆன்... ஆன்... எண்டு."