பூட்டிய வீடுகளும் முனைத் தொட்டியும்

தருமபுரத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் முதல் வீடு எங்களுடையது. அதற்கப்புறம் வரிசையாகப் பூட்டுகள். இடையிடையே ஒன்றிரண்டு மாடிகளில் வாடகைக்குக் குடித்தனம் உண்டு. பூட்டிய வீட்டுக்காரர்கள் பிரான்சில் இருக்கிறார்கள். அங்கே கோடை லீவு விட்டதும் ஆடி மாத வாக்கில் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குவார்கள். சிலர் பொங்கலுக்கு வருவார்கள். மற்ற மாதங்களில் அவர்களுடைய சாவிகள் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். என் கணவர்தான் காவல். சம்பளம் கிடையாது. வருடத்துக்கு ஒரு சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் வரும். அந்த சென்ட்டைப் பூசிக்கொண்டு அவர் கறிகாய் வாங்கப் போகிற அழகைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சாவி வைத்திருப்பவனுக்கு என்று ஒரு தர்மம் உண்டு என்பது அவர் கட்சி. காகிதமும் பேனாவுமாக யார் வந்தாலும், வீட்டுக்காரருக்கு ஒரு பைசா செலவு வைக்காமல் வாசலோடு திருப்பி அனுப்பிவிட வேண்டும். கோயில் வசூலோ கட்சி வசூலோ, எல்லாருக்கும் ஒரே பதில்தான். "அது பூட்டுன வீடுங்க. அவங்கல்லாம் பிரான்ஸ்லயே தங்கிட்டாங்க. யாரும் வர்றதில்ல."

வீடு வீடாகக் குப்பை எடுக்கத் திட்டம் போடுகிறார்கள் என்று கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் உண்டு என அவள் சொன்னதுதான் தாமதம், எங்கள் வீட்டைத் தவிர மொத்தத் தெருவையும் பிரான்சுக்கு அனுப்பிவிட்டார் இவர். எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தவர்கள் துணி உலர்த்தியிருந்தார்கள். அந்தப் பெண் அதைக் காட்டி, "அங்க ஆளு இருக்காங்க போலருக்கே?" என்றாள். "அது சும்மா காயுதும்மா" என்றார். உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. வண்டி விடுகிற அளவுக்கு ஆளில்லாத தெரு என்று எங்கள் தெரு முடிவாகிவிட்டது. வண்டிக்குப் பதிலாகப் பெரிய இரும்புத் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து தெரு முனையில் இறக்கினார்கள். தெரு முனை என்றால் எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே.

பொதுத் தொட்டி என்றால் ஊருக்கே கொண்டாட்டம்தான். காலையில் வண்டிக்காகக் காத்திருக்கச் சோம்பல்பட்ட அக்கம்பக்கத் தெருக்காரர்கள் ஸ்கூட்டரில் போகிற போக்கில் பையை வீசினார்கள். பாதி தொட்டிக்குள் விழும், பாதி எங்கள் சுவரில் வந்து விழும். நிரம்பி வழிந்தால் யாராவது ஒரு புண்ணியவான் நெருப்பு வைத்துவிட்டுப் போவார். பிளாஸ்டிக்கும் தென்னை மட்டையும் மீன் கழிவும் சேர்ந்து எரிகிற நாற்றம் தலையணை உறை வரைக்கும் ஏறியிருந்தது.

என் கணவருக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. மழைக்காலத்தில் கொஞ்சம் படுத்தும், பிறகு தணிந்துவிடும். அந்தப் புகைக்குப் பிறகு தணியவே இல்லை. ஜன்னலைச் சாத்தி இடுக்கில் ஈரத்துணி அடைத்தேன். கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றினேன். அப்படியும் படுக்க முடியாமல் நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினார். மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒண்ணு அந்தப் புகை நிக்கணும், இல்லன்னா நீங்க வீட்டை மாத்தணும். இப்படியே இன்னொரு வருஷம் இவரால தாங்க முடியாதும்மா" என்றார். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். ஆனால் அவர் மூச்சுக்குத் திணறுகிறபோது அதைச் சொல்லிக்காட்ட எனக்கு மனசு வரவில்லை. பயம்தான் வந்தது.

"ஆபீசுக்குப் போயி உள்ளதச் சொல்லிட்டு வாங்களேன்" என்றேன்.

"சொன்னா அத்தன வீட்டுக்கும் பணம் கட்டச் சொல்லுவாங்க. நம்பிச் சாவியக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. அவங்க மூஞ்சில எப்புடி முழிக்கறது?" என்று சொல்லிவிட்டு இருமினார். ரோஷத்துக்கு மட்டும் இழுப்பு வராது போலிருக்கிறது.

திட்டத்தைத் திருத்தப் போகிறார்கள், வார்டு மக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று ஓர் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு போனது. அன்றைக்கே, அவர் தூங்கும் நேரம் பார்த்து, பிரான்சில் இருக்கும் மூன்றாவது வீட்டு அண்ணனுக்கு போன் போட்டேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். நகராட்சியை இன்னமும் பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி 'மேரி' என்றுதான் சொல்வார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தங்கச்சி, இங்க குப்பைக்கு வரி கட்டாம ஒரு வருஷம் இருக்க முடியுமா? பாட்டிலுக்கு ஒரு தொட்டி, காகிதத்துக்கு ஒரு தொட்டி, மாத்திப் போட்டா அக்கம்பக்கத்துல மொறைக்கிறாங்க. என் வீட்டுக்கு நான் கட்டுறேன். மேரிக்குப் போயி தைரியமாச் சொல்லு. அவனுக்கு இழுப்புன்னு எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல?"

மற்ற வீடுகளுக்கும் பேசினேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. மலையாக நினைத்துப் பயந்ததெல்லாம் ஒரு சாயங்காலத்தில் கரைந்துவிட்டது.

கூட்டத்துக்கு ஆணியில் இருந்த சாவிக்கொத்துகளை அப்படியே ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போனேன். என் முறை வந்ததும் மேசையில் கொட்டினேன். அதிகாரி அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இத்தன வீடும் உங்களுதாம்மா?" என்றார்.

"இல்லிங்க மேடம். சாவி மட்டுந்தான் எங்ககிட்ட. வீட்டுக்காரங்க வருஷா வருஷம் வர்றாங்க. மாடியில குடித்தனம் இருக்கு. எல்லாரும் கட்டணம் கட்டுறேன்னு சொல்லிட்டாங்க. எங்க தெருவுக்கு வண்டிய விடுங்க. அந்தத் தொட்டிய எடுத்துருங்க, எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வுட முடியல." கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த கணக்கெடுப்புப் பெண் எழுந்தாள். "மேடம், துணி சும்மா காயுதுன்னு சொன்னாங்களே, அந்தத் தெரு இதுதான்." மண்டபமே சிரித்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். மறுவாரமே அவள் எங்கள் தெருவுக்கு மறுபடி கணக்கெடுக்க வந்தாள். என் கணவர் குளியலறைக்குள் போனவர், அவள் தெருவைத் தாண்டும்வரை வெளியே வரவில்லை.

திட்டம் மாறக் கொஞ்ச நாள் பிடித்தது. ஆனால் மாறியது. லாரி வந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த இடத்தைக் கூட்டி பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். பழக்கதோஷத்தில் சில பேர் அங்கேயே பையை வைத்துவிட்டுப் போனார்கள். நான் தினமும் அந்த இடத்தில் கோலம் போட்டேன். கோலத்தின் மேல் குப்பையைக் கொட்ட நம் ஊரில் யாருக்கும் கை வராது.

பேட்டரி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தது. பச்சை வாளியில் ஈரக் குப்பை, நீல வாளியில் உலர்ந்தது. ஈரத்துணியை எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். அவர் நாற்காலியில் இருந்து கட்டிலுக்குத் திரும்பினார். முதலில் இரண்டு தலையணை வைத்துக்கொண்டார், பிறகு ஒன்று. நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கண்பட்டுவிடும் என்று பயம்.

ஒரு நாள் காலை மீன் ஆய்ந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கட்டிலில் ஆளைக் காணோம். வாசலுக்கு ஓடினேன். தெருவின் அந்தக் கோடியில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பச்சை வாளியோடு வண்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். "யம்மா, நில்லுங்க! வாளிய எடுக்காமப் போறீங்களே! மீன் கழிவு இருக்கும்மா, நாளைக்கு வரைக்கும் எப்புடி வச்சுக்கறது?" வண்டியோட்டி வந்த பெண் சிரித்துக்கொண்டே வாளியை வாங்கிக் கொட்டினாள்.

காலி வாளியை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"ஏன் அழுவுற?"

"ஓடிட்டு வர்றீங்க" என்றேன்.

அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.