ஐந்து மணிக்குக் கேபிளை நிறுத்தியவர்

சென்ற திங்கட்கிழமை காலை சூலக்கரையில், கலெக்டர் அலுவலக வாசலில், மனு கொடுக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நாரணாபுரத்துக் கண்மாய்க்கரையை ஒட்டிய புறம்போக்கைப் பிள்ளைகளின் விளையாட்டுத் திடலாகவே விட்டுவைக்க வேண்டும் என்று கேட்கும் மனு. முதல் கையெழுத்து தங்கப்பாண்டி அண்ணனுடையது. எனக்கு முன்னால் நாலைந்து பேர் இருந்தபோது அவருடைய மைத்துனர் போன் செய்தார். விடிந்ததும் நெஞ்சு வலிப்பதாகச் சொன்னாராம். விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ஆமத்தூர் தாண்டும்போதே உயிர் பிரிந்துவிட்டது.

வரிசையை விட்டு வெளியே வரத்தான் நினைத்தேன். ஆனாலும் நின்றேன். மனுவைக் கொடுத்து, ரசீது வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் இருந்திருந்தால் அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தங்கப்பாண்டி அண்ணன் எங்கள் ஊருக்குக் கேபிள் டிவி இணைப்புக் கொடுத்தவர். பத்தாண்டுகளுக்கும் மேலாக நான் அவருக்குத் தொழில் பங்காளி. கம்பத்தில் ஏறுவது நான், வீடுகளுக்குள் போய்ப் படத்தைச் சரிசெய்வது அவர். உருண்டையான உடம்பு, மெதுவான பேச்சு. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் நுழைவார். கேட்பது ஆறு வயதுப் பிள்ளையிடமாக இருந்தாலும் சரி.

எங்கள் ஊரில் முக்கால்வாசி வீடுகளில் அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலையில் வேனில் ஏறினால் திரும்ப ஆறரை, ஏழு ஆகிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதுவரை வீட்டுக்குள்தான். வெளியே லோடு ஏற்றிய வண்டிகள் ஓயாமல் ஓடும். டிவி ஓடினால் பிள்ளை வாசலைத் தாண்டாது என்பதுதான் தாய்மார்களுக்கு ஒரே நிம்மதி. எங்கள் தொழில் அந்த நிம்மதியை நம்பித்தான் வளர்ந்தது. இதை நான் ஒளிக்க விரும்பவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை, முத்துமாரி என்பவர் வீட்டில் படம் தெரியவில்லை என்று அண்ணன் போனார். வீட்டில் இருந்தது அவருடைய மகள் செல்வி மட்டும், எட்டு வயது. அண்ணன் மொட்டைமாடியில் ஏறி வயரைச் சரிசெய்துவிட்டு, படம் வருகிறதா என்று வாசலுக்கு வந்து சொல்லச் சொல்லியிருக்கிறார். பிள்ளை எழுந்தது, அப்படியே சரிந்து விழுந்துவிட்டது. காலையிலிருந்து ஒரே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததில் இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. அண்ணன் பதறி இறங்கி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பார்வை மட்டும் டிவியை விட்டு விலகவில்லையாம்.

அன்று எங்கள் கேபிள் கடைக்கு வந்தவர் வயர்ச்சுருளை மூலையில் வைத்தார். பிறகு, "வயரைப் போட்டுப் பிள்ளைகளைக் கட்டிப்போட்டிருக்கோம்லே நாம" என்றார்.

மறுவாரமே முடிவெடுத்துவிட்டார். தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை கேபிளை நிறுத்திவிடுவது. பிள்ளைகள் வெளியே வந்து ஓடியாடட்டும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து ஊர்க்காரன் இணைப்புக் கொடுக்கத் தயாராக நிற்கிறான், பெரியவர்களும் பார்க்கிற நேரம் அது, நாம் தெருவில்தான் நிற்கவேண்டும் என்று சத்தம் போட்டேன். அவர் போய் சுவிட்சை அணைத்தார். சிறிது நேரத்தில் போன் அடிக்கத் தொடங்கியது. லைனில் கோளாறு என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "பொய் சொல்ல வேண்டாம். தங்கப்பாண்டிதான் நிறுத்துனான், பிள்ளைகளை விளையாட விடச் சொல்லுதான்னு சொல்லு" என்றார். அப்படியே சொன்னேன். எதிர்முனையில் கேட்ட வசவுகளை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் நாள் அது நடந்தது. டிவி நின்றதும் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். வெளியே என்றால் ரோடுதான். வேறு இடம் ஏது? அட்டைப்பெட்டி ஏற்றிவந்த ஓர் ஆட்டோ திரும்பும்போது செல்வியைத் தட்டிவிட்டது. மணிக்கட்டில் எலும்பு முறிவு. அண்ணன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு சிவகாசிக்கு ஓடினார். கட்டுப் போட்டு முடிக்கும்போது முத்துமாரி கம்பெனியிலிருந்து நேராக வந்து சேர்ந்தார். கை கழுவக்கூட நிற்கவில்லை; முழங்கைவரை பட்டாசு மருந்துப்பொடி வெள்ளியாக மின்னியது. மகளைத் தொடப் போனவர், கையைப் பார்த்துவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டார். அண்ணனிடம் அவர் கத்தவில்லை.

"டிவியை நிறுத்துனீகளே, நிறுத்துனா எம்பிள்ளை எங்கன போவும்னு நினைச்சீகளா? எங்களுக்கு மட்டும் பிள்ளைகளைப் பூட்டி வைக்க ஆசையா?" என்று கேட்டார்.

 அண்ணன் மறுநாளிலிருந்து கேபிளை நிறுத்தவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து என்னையும் கூட்டிக்கொண்டு முத்துமாரி வீட்டுக்குப் போனார். தான் செய்தது தப்பு என்று அண்ணன் முதலில் சொன்னார். இடம் பார்க்காமல், ஆள் இல்லாமல் பிள்ளைகளை வெளியே விரட்டியது தப்பு. கண்மாய்க்கரையில் முள் மண்டிக் கிடக்கிற இடத்தைத் துப்புரவாக்கித் தருகிறேன், வேன் வரும்வரை கூடவே நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

முத்துமாரி உடனே இளகிவிடவில்லை. "பாத்துக்கிடுதேன்னு சொல்லுறது லேசு. தினமும் வருவீகளா?"

"வராத அன்னைக்குக் கேபிளை நிறுத்த மாட்டேன்" என்றார் அண்ணன்.

அந்த ஒரு வாக்கு பல வீடுகளில் கதவைத் திறந்தது. நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்த இடத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டினோம். பிள்ளைகளின் அப்பாக்கள் சிலர் அரிவாளோடு வந்தார்கள். முள் தைத்து என் பாதம் வீங்கியது. அண்ணனைத் திட்டிக்கொண்டேதான் வெட்டினேன். இடம் தயாரானதும் ஐந்து மணிக்குக் கேபிளை மறுபடி நிறுத்தினோம். தொழிலிலும் அடி விழுந்தது. ஒரு தெரு முழுக்கப் பக்கத்து ஊர் இணைப்புக்கு மாறியது. அவர் அதைப்பற்றிப் பேசியதில்லை. அந்தத் தெருப் பிள்ளைகளும் திடலுக்கு வந்தார்கள், அவர்களுக்கும் அண்ணன் அங்கே வைத்திருந்த அதே பானைத் தண்ணீர்தான்.

அவருக்கு விளையாட்டு எதுவும் தெரியாது. கபடியில் மூச்சுப் பிடிக்கத் தெரியாது, கோகோவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். பிள்ளைகள் அவரைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளாமல் தள்ளிவிடுவார்கள், அதற்கும் சிரிப்பார். அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான்: தினமும் வந்தார். தீபாவளி சீசனில் ஊரே பறக்கும் நாட்களில் வந்தார். காய்ச்சல் கண்ட வாரத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். முட்டி சிராய்த்துக்கொண்டு அழும் பிள்ளையை உடனே தூக்கமாட்டார், பக்கத்தில் போய் உட்கார்ந்து, அழுது முடிக்கும்வரை காத்திருந்து, "இப்பம் ஓடலாமா?" என்று கேட்பார்.

வேன் டிரைவர்களிடம் பேசி, மாலையில் திடல் ஓரத்திலேயே வேனை நிறுத்த வைத்தார். இறங்கும் தாய்மார்கள் களைப்போடு கொஞ்ச நேரம் நின்று, பிள்ளைகள் ஓடுவதைப் பார்ப்பார்கள். முதல் மழைக்காலம் முடிந்தபின் ஒருநாள் செல்வி திடலை ஒரே மூச்சில் நாலு சுற்றுச் சுற்றி வந்தாள். முத்துமாரி அதைப் பார்த்தபடி சோற்றுவாளியோடு நின்றார்.  மறுநாள் வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து பானையில் ஊற்றிவிட்டு வேன் ஏறினார். அதன்பின் அந்த ஒரு குடம் தண்ணீர் ஒருநாளும் தவறவில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒரு மாலை நான் கடைக்கு வந்தபோது மணி ஐந்தரை, டிவி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்துவிட்டீர்களே என்று திடலுக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். மறக்கவில்லை, ஒரு வாரமாகவே நிறுத்துவதில்லை என்றார். எல்லா வீட்டிலும் படம் வந்துகொண்டுதான் இருந்தது. பிள்ளைகள் திடலில் இருந்தார்கள். ஒருவர்கூட அதைக் கவனித்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் நான் அவரிடம் தோற்றதை ஒப்புக்கொண்டேன்.

செல்வி பெரியவள் ஆனபோது முத்துமாரி அவளைத் திடலுக்கு அனுப்புவதை நிறுத்தினார். மற்ற வீட்டுப் பெண்பிள்ளைகளும் ஒவ்வொருவராக நின்றார்கள். அண்ணன் யாரிடமும் வாதாடவில்லை. தன் மனைவி ராஜாத்தி மதினியிடம் சொன்னார். மதினி மறுநாளிலிருந்து ஒரு பாயை எடுத்துக்கொண்டு திடலுக்கு வந்து உட்கார்ந்தார். இரண்டு மாதத்தில் பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். செல்வி இப்போது பள்ளிக்கூடத்துக் கோகோ அணியில் ஆடுகிறாள். ஆடாமல் போயிருந்தாலும் அண்ணனுக்கு அது குறையாகப் பட்டிருக்காது. பரிசு வாங்கவா ஓடச் சொன்னோம் என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். "ஓடுத பிள்ளைக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வரும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

திங்கட்கிழமை பிற்பகலே அடக்கம் முடிந்தது. அன்று மதியம் பல கம்பெனி வேன்கள் பாதி ஆட்களோடு சீக்கிரமே திரும்பிவிட்டன. பெண்கள் வெள்ளி பூத்த கைகளோடு தெருவில் வரிசையாக நின்றார்கள்.

மறுநாள் மாலை நான் மட்டும் திடலுக்குப் போனேன். சனிக்கிழமை பெய்த மழையில் மண் குழைந்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் தடங்கள் அப்படியே காய்ந்து கிடந்தன. எங்கு பார்த்தாலும் சின்னச் சின்ன வெறுங்கால் தடங்கள். விரல் ஊன்றியது, வழுக்கியது, சட்டென்று திரும்பியது. அவற்றுக்கு நடுவே, தேய்ந்த ரப்பர் செருப்பின் தடம் ஒன்று கோணல்மாணலாக ஓடியிருந்தது. கடைசி நாளும் யாரோ அவரைத் துரத்தியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஓரத்தில் நின்றார்கள். யாரும் உள்ளே இறங்கவில்லை. கடைசியில் ஒரு சிறுமி என்னிடம் வந்து, "மாமா, இன்னைக்கு விளையாடலாமா?" என்று கேட்டாள்.

விளையாடுங்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில் எது அவர் தடம், எது பிள்ளைகளின் தடம் என்று தெரியாமல் மண் கலைந்து புழுதியானது. வேன் வரும்வரை நான் அங்கேயே நின்றேன்.

போய் வாருங்கள் அண்ணே. பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.