ஊறுகாய் தீர்ந்த புதன்கிழமை

“—ஆனா ஒண்ணுங்க, பொய் சொல்றவங்களுக்கு இனிமே என்ற மெஸ்ஸுல இலை கெடையாதுங்க!” என்று மெஸ் அக்கா சொன்னபோது அவர் கையில் கரண்டி நிமிர்ந்து நின்றது. வாய்க்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் கைகள் பாதி வழியில் நின்றன. பெஞ்சில் என் எதிரே ஓர் எவர்சில்வர் கிண்ணம் நிறைய மாங்காய் ஊறுகாய், தொடுவார் இல்லாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. என்றைக்கு மெஸ் அக்காவை நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது அந்தக் கிண்ணம்தான். ஊறுகாய்க் கிண்ணத்துக்கு ஒரு பெருமையா என்று கேட்பீர்கள். அன்றைக்கு அந்த மெஸ் பிழைத்ததா இல்லையா என்பதை எங்கள் யார் வாயும் சொல்லவில்லை, அந்தக் கிண்ணம்தான் சொன்னது.

வீரபாண்டிப் பக்கம் பனியன் கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அந்த மெஸ். பெயர்ப்பலகை கிடையாது. பச்சை ஷட்டர் என்று சொன்னால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிடுவார். அப்போது ஆறு பெஞ்சு, மதியச் சாப்பாடு மட்டும். புதன்கிழமையானால் அரிசிம்பருப்புச் சோறு. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஆக்குகிற சோறுதான், அதற்காக ஏன் ஊரே வரிசையில் நிற்கிறது என்று எங்கள் கம்பெனி முதலாளி ஒருநாள் கேலி பேசினார். அடுத்த புதன் அவரே வரிசையில் நின்றார். அக்கா அவரைப் பார்த்து, “ஏனுங்க, ஊட்டுல அம்மிணி கோவிச்சுக்கிட்டாங்களா?” என்று கேட்டதை இன்றுவரை அவர் முன்னால் யாரும் சொல்வதில்லை, பின்னால் சொல்லாத நாளும் இல்லை.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. சமைத்ததை வாயில் வைத்துப் பார்க்கவே மாட்டார். “நாக்கு ஏமாத்திப் போடும் கண்ணு, மூக்கு ஏமாத்தாது” என்பார். உலையில் சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் பருப்போடு கொதித்து, ஒரு கட்டத்தில் ஒரு மணம் எழும்பும். அந்த மணம் வந்தவுடன் கல் உப்பை அள்ளிப் போடுவார். கடிகாரமும் கிடையாது, அளவும் கிடையாது, மணம்தான் மணி. சாப்பிட வந்தவர்களிடம் எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. எழுந்து போனபின் இலையைப் பார்ப்பார், அவ்வளவுதான். வழித்துவிட்ட இலையைப் பார்த்தால் அவர் முகத்தில் வருமே ஒரு வெளிச்சம், அதை வர்ணிக்க எனக்குப் படிப்பு போதாது. நான் ஏழாவதோடு நிறுத்திவிட்டு செக்கிங் டேபிளுக்கு வந்தவள்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு காய்ச்சல் வந்து மூக்கும் நாக்கும் போயின. காய்ச்சல் நான்கு நாளில் இறங்கிவிட்டது. ஐந்தாம் நாள் பால் பொங்கிக் கரிந்து பாத்திரத்தோடு புகைந்துகொண்டிருக்க, அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாராம். பக்கத்து டெய்லர் கடைக்காரர் ஓடி வந்து அணைத்திருக்கிறார். அன்று மதியமே ஷட்டர் இறங்கியது. “கொஞ்ச நாளைக்கு மெஸ் இல்லீங்க, கோவிச்சுக்காதீங்க” என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். டாக்டர், தானாகத் திரும்பும், எப்போது என்று சொல்ல முடியாது என்றாராம். நான்கு மாதம் அந்த அட்டை தொங்கியது. மழையில் எழுத்து கரைந்து “கோவிச்சுக்காதீங்க” மட்டும் மிஞ்சியது.

நாங்கள் அந்த நான்கு மாதமும் அநாதைகள்போல அலைந்தோம். புரோட்டா தின்றோம், டிபன் பாக்ஸில் ஆறிப்போன தயிர்ச்சோறு தின்றோம். துணி வெட்டியதில் மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் வாங்கி விற்கும் பாய் ஒருவர், அக்காவின் பதினைந்து வருட வாடிக்கை, தினமும் மதியம் வண்டியை ஓட்டி வந்து ஷட்டர் முன்னால் நிறுத்தி, அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவார். “என்னங்க பாய், தினமும் அதையே படிக்கிறீங்க?” என்று கேட்டேன். “இல்லீங்கம்மா, வயிறு படிக்கலீங்க. அதுக்குத் தெரியறதுக்கோசரம் கூட்டிட்டு வர்றேனுங்க” என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அட்டை மாறியது. “நாளைக்கு மெஸ் இருக்குதுங்க.” அதை முதலில் பார்த்தவர் யார் என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது. சேதி லைன் லைனாகப் போனது. ஓவர்லாக் தையல் மெஷின்காரி பேக்கிங்குக்குச் சொல்ல, பேக்கிங் அயர்ன் டேபிளுக்குச் சொல்ல, மெஷின் சத்தத்துக்கு மேலே ஒருவர் கைதட்டினார். திருமுருகன்பூண்டியில் சாமி சிலை செதுக்குகிறவர் ஒருவர், முன்பெல்லாம் புதன்தோறும் மொபெட்டில் வருபவர், அவருக்கு யார் சொன்னார்களோ, மறுநாள் கல் தூசியோடு முதல் ஆளாக நின்றார்.

நான் வேலைக்குப் போகும்முன் காலையிலேயே எட்டிப் பார்த்தேன். அக்கா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு, கண்ணில் தூக்கமில்லை. “மூக்கு வந்துருச்சுங்களாக்கா?” என்றேன். தலையைத் தூக்காமலே, “வல்லை கண்ணு. இனியும் எத்தனை நாளு கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கறது? கை மறந்தா போயிருக்கும்? கடையைக் கேட்டு செல்போன் கடைக்காரரு ஒருத்தரு வந்துட்டே இருக்கறாரு. இன்னைக்கு ஒரு நாளு பாக்கறேன். இலையில சோறு மிச்சம் விழுந்துச்சுன்னா, சாயங்காலமே சாவியைக் குடுத்துப் போட்டுப் போயிருவேன். யாருகிட்டயும் சொல்லாதே” என்றார். நான் சொல்லாமல் இருப்பேனா? பத்து மணி டீக்குள் எங்கள் தளம் முழுக்கத் தெரிந்துவிட்டது, மதியம் வரிசையில் நின்றவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நடந்த கூத்துக்கு அதுதான் காரணம்.

ஏனென்றால் மதியம் உட்கார்ந்த அத்தனை பேரும், ஒரு பருக்கை மிச்சம் வைப்பதில்லை என்ற சங்கல்பத்தோடு உட்கார்ந்தோம். இலை விழுந்தது, ஆவி பறக்கச் சோறு விழுந்தது, நடுவில் குழி செய்து நெய் விழுந்தது. முதல் கவளம் வாயில் வைத்தேன். உப்பு இல்லை. குறைவு அல்ல, இல்லவே இல்லை. மணம் எழும்பாத மூக்குக்கு உப்புப் போடும் நேரமும் வரவில்லை. கூட வேலை செய்யும் பெண்ணாவது வாயில் வைத்துப் பார்த்திருக்கலாம், நல்ல நாளென்று அக்கா திறந்தது கிருத்திகையில், அவளுக்கு விரதம். நான் தலையைத் தூக்கினேன். எதிரே பாய் தலையைத் தூக்கினார். இருவரும் ஒரு கணம் பார்த்துக்கொண்டோம், பிறகு குனிந்து தின்றோம்.

ஒருநாளும் கேட்காத அக்கா அன்று பெஞ்சு பெஞ்சாக வந்து கேட்டார். “எப்படீங்க இருக்குது?” எங்கள் ஊர் மரியாதை எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. காலை மிதித்தவரையும் “பரவாயில்லீங்க” என்போம். பாய், “அதே கைங்க, மாஷா அல்லா” என்றார். சிலைக்காரர், “அடுத்த சென்மத்துலயும் எனக்கு இதே சோறு வேணுங்க” என்றார், விழுங்க முடியாமல் தண்ணீர் குடித்துக்கொண்டே. என்னிடம் வந்தபோது நான், “அருமைங்கக்கா” என்றேன். பனியனில் ஒரு தையல் விட்டிருந்தால் அரை நொடியில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுகிறவள் நான். அன்று நெய்யோடு பொய்யையும் பிசைந்து தின்றேன். இலைகள் எல்லாம் கழுவிவிட்டதுபோல இருந்தன. அக்கா ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். அந்த வெளிச்சம் வரவில்லை. அவர் பார்வை பெஞ்சுகளின் நடுவே இருந்த ஊறுகாய்க் கிண்ணங்களின் மேல் நின்றது. அரிசிம்பருப்புச் சோற்றுக்கு அந்த மெஸ்ஸில் ஊறுகாய் சும்மா ஒரு மரியாதைக்கு இருக்கும், மூன்று புதனுக்கு ஒரு கிண்ணம் வரும். அன்று ஆறு கிண்ணமும் காலி. இரண்டாவது முறை நிரப்பியதும் காலி.

அந்த நேரத்தில்தான் அயர்ன் மாஸ்டர் வந்தார். எங்கள் கம்பெனியில் ஸ்டீம் அயர்ன் டேபிளில் நிற்பவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாகியும் ‘ங்க’ ஒட்டாத மனிதர். காலையிலிருந்து அவசர லோடு, டீக்குக்கூட வெளியே வராததால் நான் பரப்பிய சேதி அவர் காதுக்கு எட்டவில்லை. உட்கார்ந்தார், ஒரு கவளம் வைத்தார், கையை உதறினார்.

“எக்கா, உப்பைக் காணுமே! போட மறந்துட்டியளோ? சப்புன்னு இருக்கு, எப்படிச் சாப்பிட?”

பாய் அவர் காலை மிதித்தார். “என்னய ஏம் பாய் மிதிக்கியரு? உப்பு இல்லன்னா இல்லன்னுதாம்ல சொல்லணும்” என்றார் மாஸ்டர் இன்னும் சத்தமாக. அக்கா நேராக என்னிடம் வந்தார்.

“நெசமா கண்ணு?”

நான் தலையைக் குனிந்தேன்.

“பனியன்ல ஊசி போற ஓட்டை இருந்தா ஊரையே கூட்டுவே. என்ற சோத்துல இத்தாப் பெரிய ஓட்டை, உன்ற கண்ணுக்குத் தெரியலையாக்கும்?”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். முடிந்தது, சாவியை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளிருந்து குரல் வந்தது: “மாஸ்டரே, எந்திரிச்சு இங்க வாங்க!”

எச்சில் கையோடு மாஸ்டர் போனார். அடுத்த பந்திக்கான இரண்டாவது உலை அப்போதுதான் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். “கொதி எப்படி இருக்குது, மணம் வந்துருச்சுங்களா?” “வரல… இன்னும் வரல… ஆங், இப்ப வருது! இப்பப் போடலாம் எக்கா.” கல் உப்பு விழும் சத்தம். “பாருங்க.” ஊதி ஊதி உறிஞ்சும் சத்தம். “இன்னும். இன்னுங் கொஞ்சம். எக்கா, போதும், போதும்!” மாஸ்டர் வெளியே வந்தபோது, லோடு ஏற்றிவிட்டவர்போல நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

தின்று முடித்தவர்களில் ஒருவர்கூட எழவில்லை. கம்பெனியிலிருந்து போன் மேல் போன். முதலாளி என்னைக் கூப்பிட்டார், “செக்கிங் பண்ணிட்டு இருக்கறனுங்க” என்றேன், அது பொய்யில்லை. புது இலை விழுந்தது. சோறு வந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டார். சிலைக்காரர் விரல்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். ஓவர்லாக்கில் இருக்கும் பெண் ஒருத்தி மூன்றாவது முறை சோறு வாங்கிவிட்டு, “வண்டி கட்டித்தான் என்னைத் தூக்கிட்டுப் போகோணும்” என்றாள். “எப்படீங்க?” என்று அக்கா கேட்கவில்லை. அவர் ஊறுகாய்க் கிண்ணங்களைப் பார்த்தார். மூன்றாம் முறை நிரப்பிய ஆறு கிண்ணமும் வைத்தது வைத்தபடி இருந்தன. அப்போது வந்தது அந்த வெளிச்சம்.

இன்று அந்த மெஸ் பக்கத்துக் கடையையும் சேர்த்துப் பத்து பெஞ்சாக இருக்கிறது. மாஸ்டர் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். அக்காவின் மூக்கு முக்கால்வாசி வந்துவிட்டது, ஆனாலும் அவர் அதை நம்புவதில்லை. கை கழுவும் இடத்தில் ஒரு பலகை, அதில் அன்றைய பதார்த்தங்களின் பெயர், பக்கத்தில் எங்கள் கம்பெனியின் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒரு ரோல். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் எதில் குறையோ அதன்மேல் ஒன்று ஒட்டிவிட்டுப் போகலாம். போன வாரம் ரசத்தின்மேல் இரண்டு அம்பு. பீகாரிலிருந்து வந்த தையல்காரி ஒருத்தி ஸ்டிக்கருக்கெல்லாம் காத்திருக்க மாட்டாள், “தீதி, நமக் கம்!” என்று, அதாவது அக்கா உப்புக் கம்மி என்று, உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துவாள். அவளுக்கு மட்டும் அப்பளம் ஒன்று கூட விழும். மற்ற மெஸ்களில் சாப்பிட்டவர்கள் புகழ்ந்து பேசுவார்கள். இங்கே குறை சொல்வதுதான் வாடிக்கையின் உரிமை, அதைக் கொஞ்சம் கர்வத்தோடே செய்கிறோம்.

அந்தப் புதன்கிழமை, கரண்டியை நிமிர்த்திக்கொண்டு அக்கா முழுதாகச் சொன்னது இது: “நாளைக்கும் மெஸ் இருக்குதுங்க, நாளான்னைக்கும் இருக்குதுங்க. ஆனா ஒண்ணுங்க, பொய் சொல்றவங்களுக்கு இனிமே என்ற மெஸ்ஸுல இலை கெடையாதுங்க!” சொல்லிவிட்டுக் கரண்டியை என் கையில் கொடுத்தார். ஒருநாளும் எங்களோடு உட்காராதவர், தானே ஓர் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்து, மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “போடு கண்ணு” என்றார். போட்டேன். அந்த நாக்குக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும், அதனால் ஊறுகாய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அக்கா அதை ஒரு விரலால் தள்ளி வைத்துவிட்டு, சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.