அங்கே எந்த அணையைத் திறந்தார்கள்?

தைவான் ஒரு தீவு என்று மகள் சொன்னபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஸ்ரீரங்கமும் தீவுதான். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். துவாக்குடிக்கு வேலைக்குப் போகத் தினமும் பாலம் தாண்டுகிறேன். தீவு என்றால் இரண்டு பக்கமும் பாலம் இருக்கும் என்றுதான் மனதில் இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பட்டறையில் கேஸ் வைத்து இரும்புத் தகடு வெட்டுகிறேன். அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச்சை எதிர்பார்க்க மாட்டார்கள். எனக்கு அது வசதி. மனைவி இறந்த பிறகு வீட்டில் பேசியதெல்லாம் மகள்தான். உதவித்தொகை கிடைத்து மேல்படிப்புக்கு அவள் போனதும் வீட்டிலும் பேச்சு நின்றுபோனது.

போன முதல் வருஷமே புயல். "லீவு விட்டுட்டாங்கப்பா, ரூம்லதான் இருக்கேன்" என்றாள். நான் பதறிப்போய், "எந்த அணையைத் திறந்திருக்காங்க?" என்று கேட்டேன். மேட்டூரில் திறந்தால் இங்கே தண்ணீர் வந்துசேர நேரமாகும். அதற்குள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிடுவார்கள். வெள்ளம் என்றால் எனக்கு அப்படித்தான் தெரியும்.

அவள் சிரித்தாள். "அணை இல்லப்பா, இது வானத்துலேர்ந்து நேரா வர்றது. நடுவுல பூரா மலை. காலையில மலையில பெய்யறது மத்தியானம் கடலுக்குப் போயிடும்."

மைக் வருவதற்கே நேரம் இல்லாத ஊர். அன்றிலிருந்து அந்தத் தீவைத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். அவளுடைய பழைய பள்ளிக்கூட அட்லஸில் அது கட்டைவிரல் நகத்தளவுகூட இல்லை. சென்னையில் தொடங்கினால் திருச்சியைத் தாண்டி முடிகிற நீளம். மலை நம் ஊட்டி மலையைப் போல ஒன்றரை மடங்கு உயரம். மேற்குப் பக்கம் சமவெளி, ஜனமெல்லாம் அங்கே. கிழக்கே மலை இறங்கி நேராகக் கடலுக்குள் போகிறது. அவள் இருக்கும் வடக்குப் பக்கம் குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து காற்று அடிக்கிறது, தூறல் விடாது, துணி காயாது. அவ்வப்போது பூமி ஆடும். "டம்ளர் டணடணங்கும், அவ்வளவுதாம்ப்பா" என்பாள்.

அதன் அரசியல்தான் எனக்கு ஏற மறுத்தது. செல்போனில் தமிழ் வீடியோக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு காலத்தில் ஜப்பான் ஆண்டதாம். பிறகு சீனாவில் உள்நாட்டுச் சண்டையில் தோற்ற அரசாங்கம் கடல் தாண்டி வந்து அங்கே உட்கார்ந்ததாம். இன்று அவர்களே ஓட்டுப் போட்டு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பணம் தனி, பாஸ்போர்ட் தனி. ஆனாலும் சீனா அதைத் தன்னுடையது என்கிறது. நம் நாடுகூட அங்கே தூதரகம் என்று போர்டு வைக்கவில்லை, வேறு பெயரில் ஒரு அலுவலகம்தான். நடுவில் இருக்கும் கடல் குறுகலான இடத்தில் திருச்சிக்கும் மதுரைக்கும் உள்ள தூரம்தான்.

படிப்பு முடியும் நேரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கேட்டாள். "சிப் செய்யற கம்பெனியில வேலை குடுத்திருக்காங்கப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். ஒத்துக்கவா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் பட்டறை வாசல் டீக்கடையில் தெரியாத்தனமாக வாயை விட்டுவிட்டேன். வெல்டர் ஒருவர், "தைவானா? தள்ளுவண்டியில கொய்யா விக்கறானே, அந்த ஊரா அண்ணே?" என்றார்.

"பிங்க் கொய்யா. உள்ள செவப்பா இருக்கும்" என்றார் டீ மாஸ்டர்.

"கொய்யாவை வுடுங்க. அங்க சண்டை வரப்போவுதுன்னு டிவியில சொல்றான். சுத்திக் கப்பலா நிக்குது. பொண்ணைக் கூப்பிட்டுக்கங்கண்ணே" என்றார் வெல்டர்.

எனக்கு டீ இனித்தது. கூப்பிட ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலமே போன் செய்து சண்டை, கப்பல், டிவி என்று அடுக்கினேன். அவ்வளவு நீளமாக நான் அவளிடம் பேசியதே இல்லை. பொறுமையாகக் கேட்டாள்.

"வருஷத்துக்கு ஒரு தடவை இங்க சைரன் ஊதிப் பழக்குவாங்கப்பா. அரை மணி நேரம் ரோட்டுல யாரும் நிக்கக் கூடாது. முடிஞ்சதும் அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிடுவாங்க."

"பயமா இல்லையா உனக்கு?"

"கொள்ளிடத்துல வெள்ளம்னு மைக்ல சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? பாலத்துல போய் நின்னு வேடிக்கை பாப்பீங்க." அதோடு விடவில்லை. "அப்பா, சண்டைக்குப் பயந்து வரச் சொல்றீங்களா, இல்ல உங்களுக்கு நான் பக்கத்துல வேணுமா?"

"அடுப்புல பால் பொங்குது" என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மூன்று நாள் நான் பேசவில்லை, அவளும் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை வேலை முடிந்து திரும்பும்போது காவிரிப் பாலத்தில் ஒரே கூட்டம். மேட்டூர் தண்ணீர் வந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி நானும் கைப்பிடிச் சுவரோரம் நின்றேன். செம்மண் நிறத்தில் கரை தொட்டுப் போகிறது. குடும்பம் குடும்பமாக வந்து போட்டோ எடுக்கிறார்கள். எல்லோருக்கும் தண்ணீரைக் காட்டப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தது.

நாலு பேர் நடுவில் போனைத் தூக்கிப் பிடித்துப் பேச எனக்குக் கூச்சம். அன்று வீடியோவில் அவளைக் கூப்பிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"ஐயோ, எவ்வளவு தண்ணி! யாரோட வந்திருக்கீங்க?"

"யாரோட வருவேன். தனியாத்தான் நிக்கறேன்." அதோடு நிறுத்தியிருப்பேன். தண்ணீர்ச் சத்தம் தைரியம் கொடுத்தது. "தனியாத்தான் இருக்கேன். சண்டை கிண்டைன்னு சொன்னதெல்லாம் சாக்கு. நீ வேணும்னு கேக்க வாய் வரலை."

 போனின் முகப்பு தண்ணீர்ப் பக்கம் திரும்பியிருந்ததால் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

"வேலையை ஒத்துக்க. கேட்டா தடுத்த மாதிரி ஆயிடும்னுதான் கேக்கலை. இப்ப கேட்டாச்சு. நீ ஒத்துக்க."

போனில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்தார். நான் போனை இறக்கவில்லை.

பிறகு அவள் கேட்டாள். "மேட்டூர்ல எவ்வளவுப்பா திறந்திருக்காங்க?"

காலையில் பேப்பரில் பார்த்த கன அடியைச் சொன்னேன். இன்னும் ஏறுமா என்றாள். ஏறும் என்றேன்.