என் தம்பியின் சளி

அடுத்தவர் சளியைப் பார்த்துப் பத்தொன்பது வருடமாகச் சம்பளம் வாங்குகிறவள் நான். தூத்துக்குடியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பேன். நீலப் பின்னணியில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் அது டிபி. ஒரு நாள் காலையில் அப்படிப் பார்த்த கண்ணாடியில் குச்சிகள் கும்பல் கும்பலாகக் கிடந்தன. முடிவை எழுதுவதற்காகச் சீட்டைத் திருப்பினேன். அதில் என் தம்பியின் பெயர் இருந்தது.

எனக்குத் தெரியாமல் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறான். அவர் எங்கள் கூடத்துக்கே அனுப்ப, நான் வேலைக்கு வருவதற்கு முன்பே டப்பாவைக் கொடுத்துவிட்டு நழுவிவிட்டான். ஆள் மாறியிருக்கும் என்று நினைத்தேன். வயதையும் தெருவையும் மறுபடி படித்தேன். இன்னொரு கண்ணாடியில் தடவிப் பார்த்தேன். அதிலும் அதே சிவப்பு. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் குச்சிகளைப் பார்த்துப் பயந்தேன்.

தம்பி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவன். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலின் அடிக்குப் போய்ச் சங்கு பொறுக்கி வருவான். ஆழத்திலிருந்து ஏறும்போது மூக்கிலும் வாயிலும் கொஞ்சம் ரத்தம் எட்டிப் பார்ப்பது இவர்களுக்குப் புதிதில்லை. துடைத்துப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

“ஏலே, ரத்தம் எத்தன நாளா வருது?” என்று அன்று சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் நின்றே கேட்டேன்.

“ரெண்டு மாசம் இருக்கும்க்கா. தண்ணி அமுக்குனதுல வாரதுன்னு நெனச்சேன். எல்லாவனுக்கும் வாரதுதான?”

கலங்கிய தண்ணீரிலும் மண்ணுக்குள் புதைந்த சங்கைக் கண்டுபிடிக்கிறவனுக்குத் தன் நெஞ்சுக்குள் இருப்பது தெரியவில்லை. திட்டித் தீர்த்தேன். உள்ளே அவன் பெண்டாட்டி மூன்று வயது மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டிபி சிகிச்சைக்குச் சேர்த்தோம். முக்கியமான மருந்து இவனுக்குக் கேட்குமா என்று ஒரு மெஷினில் சோதிப்பார்கள். கேட்கும் என்று வந்தது. ஆறு மாதம் விடாமல் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. முதல் ஐந்து வாரம் நன்றாகத் தேறினான். இருமல் அடங்கியது, சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். ‘பார்த்தாயா, எல்லாம் நான் சொன்னபடி’ என்று தம்பி பெண்டாட்டியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

இரண்டு மாத முடிவில் சளியை மறுபடி நானே பார்த்தேன். குச்சிகள் அப்படியே இருந்தன. நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். மருந்து கேட்கும் என்று மெஷின் சொன்ன கிருமி எப்படிச் சாகாமல் இருக்கும்? எனக்கு ஒரே ஒரு விடைதான் தெரிந்தது. இவன் மாத்திரை போடவில்லை.

அப்படி முடிவு கட்ட எனக்குக் காரணங்கள் இருந்தன. சின்ன வயதில் மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிவைத்து, கொல்லைப்பக்கம் போய்த் துப்புகிற ஆள் இவன். அதோடு, நடுவில் ஒரு நாள் படகில் போயிருக்கிறான். கடலுக்குள் இறங்கவில்லை, மேலே உட்கார்ந்து கம்ப்ரசரைத்தான் பார்த்துக்கொண்டேன் என்றான். நான் நம்பவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் வெறும் வயிற்றோடுதான் இறங்குவார்கள். வயிற்றைப் புரட்டினால் குழாயை வாயில் வைத்திருக்க முடியாது. இந்த மாத்திரையோ வயிற்றைப் புரட்டும். அப்படியென்றால் கடலுக்குப் போகிற நாளில் மாத்திரையை விட்டிருப்பான். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள் நான்.

அந்த மருந்து உடம்பில் இருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். வெட்கம் பார்க்காமல் டப்பாவைக் கையில் கொடுத்து, பிடித்துவரச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப் போனான். ஆரஞ்சு நிறத்தில்தான் இருந்தது. “நான் வார அன்னைக்கு மட்டும் முழுங்குதான்” என்று அவன் பெண்டாட்டியிடம் சொன்னேன். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். கிருமி இன்னும் தெரிகிறது என்றதும், மருந்துச் சோதனைக்கு மறுபடி சளி கொடுக்கும்படி டாக்டரம்மா தம்பியிடம் சொல்லியிருந்தார். அவன் கிளம்பி நின்றபோது நான்தான் தடுத்தேன்.

“மொதல்ல ஒரு மாசம் ஒழுங்கா முழுங்கு. அப்புறம் போயி குடு. மாத்திரையத் துப்பிட்டு அங்கன போயி நின்னா என் மானம் போவும்” என்றேன்.

அவன் போகவில்லை. அக்கா லேப்பில் வேலை பார்க்கிறவள், அவளுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டான். அப்படி ஆறு வாரம் போனது.

அந்த ஆறு வாரத்தில் தேறிய உடம்பெல்லாம் கரைந்தது. சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது. ராத்திரிக் காய்ச்சல் திரும்பி வந்துவிட்டது என்று தம்பி பெண்டாட்டி போனில் அழுதாள். கோபத்தோடு போய் நின்றேன். அவளிடம், அவன் காது கேட்கவே சொன்னேன்: “இவன் மாத்திர போட மாட்டான்ளா. பச்சப்பிள்ளைய வச்சிக்கிட்டு இங்கன இருக்காத. ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிரு.”

தம்பி எழுந்து போய் மாதா சுரூபத்தின் மேல் கை வைத்தான். எங்கள் வீட்டில் சுரூபத்தைத் தொட்டுச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள். அப்பா சாகும்வரை நாங்கள் பார்த்த வழக்கம் அது.

“மாதா மேல சத்தியமா ஒரு நாள் விடலக்கா” என்றான்.

“மாதாவ இதுக்குள்ள இழுக்காதல” என்றேன்.

அவன் பெண்டாட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு ஆலந்தலையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை நானே பஸ் ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் சளி மருந்துச் சோதனைக்குப் போனது. முக்கியமான மருந்து கேட்காது என்று அன்றைக்கே மெஷின் சொல்லிவிட்டது. அவனை வார்டில் சேர்த்து மாத்திரைகளை மாற்றினார்கள். கிருமியை வளர்த்து அதன் வகையைப் பார்ப்பதற்காக, இந்தச் சளியையும் முதலில் எடுத்துவைத்திருந்ததையும் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். சில வாரம் கழித்து டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். நான் தயாராகப் போனேன்.

“மாத்திரைய ஒழுங்காப் போடாம விட்டதாலதான மேடம் கிருமி இப்படி மாறிப்போச்சு?” என்று உட்காருவதற்கு முன்பே கேட்டேன்.

“மாறல. ஆரம்பத்துலயே உங்க தம்பி நெஞ்சுல ரெண்டு வகை இருந்திருக்கு” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். டிபி என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் கிருமிக்குள் பல குடும்பங்கள் இருக்கின்றனவாம். சில ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வேகமாகத் தொற்றும், சில மெதுவாக. சில மருந்துக்கு அடங்கும், சில அடங்காது. முதல் சளியில் பெரும்பாலும் இருந்தது நம் பக்கத்தில் வெகுகாலமாகக் காணப்படும் வகை, மருந்துக்கு அடங்குவது. அதோடு இன்னொரு குடும்பத்துக் கிருமியும் கொஞ்சமாக இருந்திருக்கிறது. அது அடங்காத ரகம். கொஞ்சமாக இருந்ததால் முதலில் மெஷினுக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன் தம்பி வளைகுடாவில் ஓர் அறையில் பத்துப் பேரோடு தங்கி வேலை பார்த்திருந்தான். அங்கே ஒட்டியதா என்று கேட்டேன். எங்கே எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்.

பத்தொன்பது வருடமாக நான் பார்த்த சிவப்புக் குச்சிகளெல்லாம் எனக்கு ஒன்றுதான். அந்தக் கண்ணாடியில் இரண்டும் ஒன்றாகவே கிடந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்துவிட்டு, ஒன்று என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

“சரி மேடம். ஆனா அவன் மாத்திரையும் சரியாப் போடல” என்றேன். அப்போதும் விடவில்லை பாருங்கள்.

டாக்டரம்மா இரண்டாவது காகிதத்தை என் பக்கம் தள்ளினார். “இப்போ எடுத்த சளியில முதல் வகை ஒண்ணுகூட இல்லம்மா. சுத்தமா அழிஞ்சிருக்கு. அவர் மாத்திரை சாப்பிடலேன்னா அது எப்படிச் செத்திருக்கும்?”

அவர் அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார்; எதுவும் ஏறவில்லை. அவன் மாத்திரை சாப்பிட்டிருக்கிறான். ஒவ்வொரு நாளும், வயிறு புரட்டப் புரட்ட, பெண்டாட்டி பிள்ளை போன வீட்டில் தனியாக உட்கார்ந்தும் சாப்பிட்டிருக்கிறான். அவன் சாப்பிடச் சாப்பிட முதல் கிருமி செத்தது, அந்த இடத்தில் இரண்டாவது பெருகியது. நான் வாசலில் நின்று அவனைப் பொய்யன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு என்ன ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். புது மாத்திரைகள் கேட்டன. அவன் பிழைத்தான். ஆனால் இடது நுரையீரலில் மேல்பகுதி உருப்படியாக இல்லை. இனிமேல் ஆழத்துக்குப் போக முடியாது. இப்போது உப்பு லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறான். அந்தப் பகுதி நான் தடுத்த ஆறு வாரத்தில்தான் போனது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. எக்ஸ்ரே பார்க்க எனக்கும் தெரியும். தம்பி பெண்டாட்டி ஆலந்தலையிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். என்னோடு மட்டும் தேவைக்குத்தான் பேசுவாள், அது நியாயம்.

அன்று டாக்டரம்மா அறையிலிருந்து நேராக வார்டுக்குப் போனேன். படிக்கட்டில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தம்பி ஜன்னல் ஓரக் கட்டிலில் மாஸ்க் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தான். நானும் மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு கால்மாட்டில் நின்றேன்.

“ஏலே, டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீ ஒரு நாள்கூட விடாம மாத்திர போட்டிருக்க” என்றேன். அழுகையில் பாதிதான் வெளியே வந்தது.

அவன் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது.

“இத ஏன்க்கா எங்கிட்ட வந்து சொல்லுத? நான் மாத்திர தின்னது எனக்குத் தெரியாதா?” என்றான். “ஆலந்தலைக்குப் போயி சொல்லு.”