டீமேக்கர் ஐயா மூடி வைத்த கதை

அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ் புத்தகம் திருப்பூரில் என் அலமாரியில் இருக்கிறது. கிழிசலில் டீப் பெட்டியின் ஈயத்தாளை வைத்து ஒட்டியிருக்கும். ஒட்டியவர் பந்தலூர் பக்கம் எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில் இலையைத் தூளாக்கும் வேலையை மேற்பார்த்த டீமேக்கர். எனக்கு அதில் ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கதை தெரியும், போன வாரம் வரை கடைசிப் பக்கத்தைத் தவிர.

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியைப் பூட்டிய காலம் அது. சிலோனிலிருந்து ஒருமுறை மூட்டை கட்டி வந்த சனம் நாங்கள். இன்னொரு முறை எங்கே போவது? காலையில் எல்லாரையும் களத்தில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்போம். கொடுக்க ஆளில்லாத பெரட்டுக்கும் தவறாமல் போய் நின்றோம். போகாவிட்டால் இருக்கிற வேலையும் போய்விடுமாம், அப்படி ஒரு பைத்தியக்காரப் பயம். அங்கேதான் டீமேக்கர் ஐயா, துரை பங்களாவில் விட்டுப்போன இந்தப் புத்தகத்தைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். பெரிய பங்களாவில் பணக்காரக் கிழவி ஒருத்தி விஷத்தில் சாகிறாள். பாதிரியார், டாக்டர், சமையல்காரி, சொத்துக்குக் காத்திருக்கும் அண்ணன் மகன் என்று எல்லார் மேலும் சந்தேகம். எனக்குச் சமையல்காரி மேல்தான் கண். மற்ற பெண்கள் அவளை விட்டுக்கொடுக்கவே இல்லை, எங்கள் லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்தவளைப் போலப் பரிந்துகொண்டு வந்தார்கள். டாக்டரை மட்டும் யாரும் நினைக்கவில்லை. எங்கள் எஸ்டேட் டாக்டர் தங்கமானவர், அதனால் அந்த ஊர் டாக்டரும் தங்கம்!

முடிவில், கொலையைத் துப்பறிய வந்தவர் அத்தனை பேரையும் ஒரே அறையில் கூட்டினார். "அங்கயும் பெரட்டா ஐயா?" என்றாள் என் நாத்தனார். எல்லாரும் சிரித்தோம். ஐயா அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டார்.

"யாருன்னு ஃபேக்டரி தொறக்கற அன்னைக்குச் சொல்றனுங்க."

அதற்கப்புறம் ஃபேக்டரி எப்போது திறக்கும் என்று யாரும் கேட்கவில்லை. "கொலகாரன் எப்ப வருவான் ஐயா?" என்போம். "வருவானுங்க" என்பார். அதைக் கேட்டுவிட்டுப் போய் உலை வைப்போம். பறிக்கச் சொல்ல ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்துகொண்டிருந்தன.

ஒரு நாள் காலை லாரி வந்தது. இலை அரைக்கும் மெஷின்களைப் பழைய இரும்பு என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரி வளைவில் மறைந்ததும் ஐயா களத்துக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தார். நாத்தனார் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாதீங்க ஐயா, உங்க கால்ல விழுறேன். சொல்லிப்புட்டா எல்லாம் முடிஞ்சிரும்."

"முடிஞ்சு போச்சுங்கம்மா," என்றார். "டாக்டர்தானுங்க."

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஏன் கொன்றான் என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு ஐயா மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் பொய் சொல்லியிருக்கலாமே என்று அழுதேன். அந்த வாரமே லயம் காலியாக ஆரம்பித்தது. ஐயா புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு எங்கோ வாட்ச்மேன் வேலைக்குப் போனார். அப்புறம் தகவலே இல்லை.

போன ஞாயிறு பனியன் கம்பெனிக்கு லீவு. டாக்டரைப் பிடித்த பிறகு என்னதான் நடந்தது என்று மகளிடம் கடைசிப் பக்கத்தை வாசிக்கச் சொன்னேன்.

"ஒண்ணுமில்லம்மா. எல்லாரும் உக்காந்து டீ குடிக்கிறாங்க."

"யார் பறிச்ச இலைன்னு போட்டிருக்கா?"

அவள் பாவம், அந்தப் பக்கத்தை மறுபடி மேலிருந்து தேடினாள்.