அத்தான் நம்பாத செய்தி

எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய சர்க்கார் வேலையைக் கெடுத்தவர் என் அக்காள் பூங்கனியின் புருஷன் பகவதியப்பன். இதை அவர் காதுபடவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஒரு காதுதான் கேட்கும், அது வேறு விஷயம்.

தோவாளையில் பூக்கூடைகளை பஸ்ஸில் ஏற்றி அனுப்புவது அத்தானின் தொழில். பிச்சியும் அரளியும் திருவனந்தபுரத்துக் கோயில்களுக்குப் போகும். பூ கருவறை வரைக்கும் போகும், அதைக் கட்டி அனுப்பியவர் கோயில் மதிலை நெருங்கக் கூடாது. எங்கள் சாதிக்கு அன்றைக்கு அதுதான் விதி. திரும்பி வரும் பஸ்ஸில் கடைக்காரர்களுக்கான பத்திரிகைக் கட்டு வரும். கிழக்கே திருநெல்வேலியிலிருந்து வரும் பஸ்ஸில் மதராஸ் பத்திரிகை ஒருநாள் பிந்தி வரும். இரண்டையும் கடைக்காரர் கைக்குப் போகும் முன்பே அத்தான் படித்துவிடுவார்.

பரீட்சை வைத்து உத்தியோகத்துக்கு ஆள் எடுப்பதாகப் பேச்சு வந்ததும், நான் படிக்கவென்று நாட்டு நடப்பை எழுதி வைக்க ஒரு நீள நோட்டு தொடங்கினார். அவர் எழுதும் முறையே தனி. மேற்கிலிருந்து வந்த பத்திரிகையும் கிழக்கிலிருந்து வந்த பத்திரிகையும் ஒரே சங்கதியைச் சொன்னால்தான் ஓரத்தில் 'உறுதி' என்று போடுவார். ஒன்று மட்டும் சொன்னால் 'வதந்தி'. குவெட்டா பூகம்பம், அபிசீனியா யுத்தம் எல்லாம் இப்படித்தான் நோட்டில் ஏறின. ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தி காலமானபோது, எங்கள் வீட்டில் மட்டும் அவர் ஒரு நாள் கூடுதலாக உயிரோடு இருந்தார்.

நாங்கள் கேலி செய்தாலும் நோட்டு பொய்த்ததில்லை. அதைப் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போன பக்கத்து வீட்டு இஸ்ரவேல் குழித்துறையில் குமாஸ்தாவாக உட்கார்ந்துவிட்டான்.

அத்தான் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. 1926இல் சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய வீதிகளில் எங்களையும் நடக்க விடவேண்டும் என்று போராட்டம் நடந்தது. ஒருநாள் காலையில் யாரோ வந்து, வீதியைத் திறந்துவிட்டார்கள், பத்திரிகையிலேயே வந்துவிட்டது என்று சொன்னார்கள். அத்தானுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சந்தோஷம் தாங்காமல் வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போய் அந்த வீதியில் நடந்தார். பத்து அடி நடந்திருப்பார். திறக்கவுமில்லை, பத்திரிகையில் வரவுமில்லை. அடித்தவர்கள் காதோடு சேர்த்து அடித்தார்கள்.

பத்து வருஷம் கழிந்தது. 1936 நவம்பரில் எனக்கு நாகர்கோவில் சர்க்கார் கச்சேரியில் இன்டர்வியூ. எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன். அந்த மாசம் முடிந்தால் எனக்கு வயது கடந்துவிடும், இன்னொரு தடவை எழுத முடியாது. வீட்டில் அத்தனை பேர் நம்பிக்கையும் அந்த ஒரு காலைப் பொழுதின் மேல் நின்றது.

முந்தின நாள் மேற்கு பஸ்ஸில் வந்த பத்திரிகையைப் பிரித்த அத்தானுக்கு முகம் வெளிறிவிட்டது. இனி எல்லா இந்துக்களும் சர்க்கார் கோயில்களுக்குள் போகலாம், மகாராஜா பிரகடனம் செய்துவிட்டார் என்று அதில் இருந்தது. டிரைவரும் அதையே சொன்னான். சந்தையில் நாலு பேர் கூடி நின்று அதையே பேசினார்கள். அத்தான் நேராக வீட்டுக்கு வந்து நோட்டில் ஒரு வரியில் எழுதி, ஓரத்தில் 'வதந்தி' என்று போட்டார்.

மறுநாள் நான் புறப்படும்போது வாசல் வரைக்கும் கூடவே வந்தார்.

"கிருஷ்ணமணி, அந்தக் கோயில் சங்கதிய வாய் தொறந்து சொல்லிராத கேட்டியா. கிழக்குப் பத்திரிக இன்னும் வரல்ல. ஆரோ வேணும்னு கெளப்பி விட்டது. நம்மாளுவ நம்பி உள்ள போவான், அடிச்சுக் கொல்லுவானுவ."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இவ்வளவு பெரிய சங்கதி எப்படி உண்மையாக இருக்க முடியும்?

கச்சேரியில் இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். வரி, அணை, ரயில் பாதை என்று கேட்டதற்கெல்லாம் டாண் டாணென்று பதில் சொன்னேன். மூத்த அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியாக, இந்த வாரம் சமஸ்தானத்தில் நடந்த பெரிய சங்கதி என்ன என்றார். புதிய திவான் பதவியேற்றதைச் சொன்னேன். அது போன மாதம் என்றார். கோயில் சங்கதியைக் கேட்கிறார் என்று புரிந்தது. என்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்றும் நினைத்தேன்.

"கோயில் காரியமானால், அது வதந்தி சார். உறுதியில்லை," என்றேன்.

அவர் மேசையிலிருந்த கெஜட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். படித்தேன். முத்திரை இருந்தது. கீழே மகாராஜாவின் பெயர் இருந்தது. இரண்டாம் தடவை படித்தேன். எழுத்து தெரிந்தது, அர்த்தம் மண்டையில் ஏறவில்லை. காதுக்குள் குப்பென்று அடைத்துக்கொண்டது.

"யாருக்காக இதைப் போட்டார்களோ, அவருக்கே இது தெரியவில்லையே," என்று அவர் மற்ற அதிகாரியிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

வெளியே வந்த பிறகு எங்கே போகிறோம் என்றே தெரியாமல் நடந்தேன். நாகராஜா கோயில் வாசலில் கூட்டம். எங்கள் ஆட்கள் தயங்கித் தயங்கி உள்ளே போனார்கள். நானும் போனேன். யாரும் தடுக்கவில்லை. சந்தனம் தந்தார்கள். சாமியைப் பார்த்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முதுகில் எப்போது அடி விழும் என்று காத்துக்கொண்டே நின்றேன்.

நெற்றிச் சந்தனத்தோடு நான் வந்து நின்றதும் அத்தான் திகைத்துப் போனார். விரலால் என் நெற்றியைத் தொட்டார்.

"உள்ள வச்சா தந்தாவ?"

"உள்ள வச்சுதான். வேல போச்சு அத்தான்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்படவேண்டிய நாளில் எங்கள் வீட்டில் இழவு விழுந்ததுபோல் இருந்தது. அக்காள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து அழுதாள்.

நான் அவரோடு பூக்கூடை தூக்கத் தொடங்கினேன். கோபம் ஆறவில்லை. ஊரெல்லாம் கோயிலுக்குப் போயிற்று, அக்காள் வாரம் தவறாமல் போனாள், அவர் மட்டும் போகவில்லை. எனக்குச் செய்த பாவத்துக்குப் பரிகாரமாக விரதம் இருக்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். செய்யட்டும், பட்டுத் தெளியட்டும் என்று உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

1938 மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டத்துக்கு அக்காள் அவரை எப்படியோ இழுத்துக்கொண்டு வந்தாள். கோபுர வாசல் வரைக்கும் வந்தார். அக்காள் உள்ளே போய்விட்டாள். ஜனங்கள் எங்களை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அவர் நின்றுவிட்டார்.

"வாரும் அத்தான், உறுதியான சங்கதிதான்," என்று குத்தினேன்.

அவர் வலது காலைத் தூக்கினார். கால் வாசற்படிக்கு வரவில்லை. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். முப்பத்துநாலு வயது மனுஷன், ஓர் ஆள் கனமுள்ள கூடையைச் சிரித்துக்கொண்டே தூக்குகிறவர், உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றார். வேட்டி நனைந்திருந்தது.

"பயமா இருக்கு மக்கா," என்றார். "ரெண்டு வருசமா பயந்துட்டுதான் வரல்ல. ஆருட்டயும் சொல்லிராத."

விரதமும் இல்லை, பரிகாரமும் இல்லை. இந்த மனுஷன் மேலா இரண்டு வருஷம் கறுவிக்கொண்டிருந்தேன் என்று நெஞ்சு பதறியது. என் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன். கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு எதிராக வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன்.